மாப்பிள்ளை ஷேவிங் செட்... பேட்ஜர் பிரஷ்ஷா, சிந்தெடிக்கா? காஞ்சிபுரத்தில் இருக்கிறது பதில்!

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுக்கு முகூர்த்தப் புடவை எடுக்க வரும் குடும்பங்களின் கையில் ஒரு பட்டியல் இருக்கும். கூறைப்புடவை, நலங்குப் புடவை, ரிசப்ஷன் புடவை, அத்தைக்கு ஒன்று, நாத்தனாருக்கு ஒன்று என்று பெண்கள் பக்கம் இரண்டு தாளுக்குப் போகும். மாப்பிள்ளை பக்கம் நாலே வரிதான். பட்டு வேட்டி, சட்டை, வாட்ச், கடைசி வரியில் ஷேவிங் செட்.

சீர்த் தட்டில் சோப்பு, பவுடர், சீப்பு, கண்ணாடியோடு ஷேவிங் செட்டும் வைப்பது பல வீடுகளில் வழக்கம். முன்பெல்லாம் இது ஐந்து நிமிட வேலை. ஃபேன்ஸி ஸ்டோரில் ஒரு ரேசர், ஒரு டியூப் கிரீம், பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட ஒரு பிரஷ் வாங்கினால் தீர்ந்தது. இப்போது அப்படி இல்லை. போனில் 'ஷேவிங் பிரஷ்' என்று தட்டினால் 'பியூர் பேட்ஜர்', 'சூப்பர் பேட்ஜர்', 'சில்வர்டிப்' என்று வரிசையாக வந்து நிற்கிறது. விலை ஆயிரங்களில். அதற்குப் பக்கத்திலேயே, பார்க்க அச்சு அசலாக அதே மாதிரி, சில நூறு ரூபாய்க்கு 'சிந்தெடிக்'.

பெண்ணைப் பெற்றவர் குழம்புவது நியாயம்தான். பெண்ணுக்கு அசல் பட்டு, அசல் ஜரிகை என்று தேடித் தேடி எடுத்துவிட்டு, மாப்பிள்ளைக்கு மட்டும் நைலானா? நாளைக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்?

இந்தக் குழப்பத்துக்குக் காஞ்சிபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. அசல் எது, போலி எது என்று நூலைத் தொட்டே சொல்பவர்கள் வாழும் ஊர். ஆனால், புடவைக்குச் சரியாக இருக்கும் நியாயம் பிரஷ்ஷுக்கு அப்படியே பொருந்துமா என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பேட்ஜர் என்பது யார்?

முதலில் பேரைத் தெரிந்துகொள்ளலாம். பேட்ஜர் என்பது மண்ணில் வளை தோண்டி வாழும் ஒரு குட்டை விலங்கு. தமிழில் வளைக்கரடி என்கிறார்கள், கரடி இனம் இல்லை என்றாலும். ஐரோப்பாவிலும் ஆசியாவின் குளிர்ப் பிரதேசங்களிலும் இருக்கிறது. அதன் முடிக்கு ஒரு விசேஷம் உண்டு. நுனி ஊசி போல மெலிந்து, நடுவில் தடித்து, அடியில் மறுபடியும் மெலியும். வெள்ளை நுனி, நடுவில் கறுப்புப் பட்டை, கீழே வெளிர் நிறம். நுனி மெலிந்திருப்பதால் கன்னத்தில் மென்மை, நடுப்பகுதி தடித்திருப்பதால் வளைந்து நிமிரும் தெம்பு. ஷேவிங் பிரஷ்ஷுக்கு இதைவிட நல்ல முடி இல்லை என்று ஐரோப்பியர்கள் இருநூறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிரிட்டனில் பேட்ஜரைக் கொல்வதும் பிடிப்பதும் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதனால், இங்கிலாந்துப் பெயர் பொறித்த பிரஷ்ஷாக இருந்தாலும் உள்ளே இருக்கும் முடி பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்தது. நம் நாட்டில் இருக்கும் தேன் வளைக்கரடி வேறு இனம். அது வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கு இருக்கும் அதே வரிசையில் இருக்கிறது. ஆகவே, 'நம்மூர் பேட்ஜர் முடி' என்று யாராவது விற்றால் அது பொய், இல்லையென்றால் குற்றம்.

பியூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப் என்று தரம் பிரிக்கிறார்களே, அதற்கு அரசு முத்திரையோ பொதுவான அளவுகோலோ கிடையாது. பட்டுக்கு 2004-லிருந்து சில்க் மார்க் இருக்கிறது. தங்கத்துக்கு ஹால்மார்க் இருக்கிறது. பேட்ஜர் முடிக்கு நிறுவனம் சொல்வதுதான் தரம். ஒரு கம்பெனியின் 'சூப்பர்' இன்னொரு கம்பெனியின் 'பெஸ்ட்'டாக இருக்கலாம். ஆயிரக்கணக்கில் பணம் கொடுப்பவர் இதைத் தெரிந்துகொண்டு கொடுப்பது நல்லது.

ஒரு நூல், ஒரு தீக்குச்சி

பட்டு வாங்கத் தெரிந்த பாட்டிமார்களுக்கு ஒரு சோதனை அத்துப்படி. புடவையின் ஓரத்தில் தொங்கும் ஒரு நூலை எடுத்து நெருப்பில் காட்டுவார்கள். அசல் பட்டு என்றால் மெதுவாகக் கருகும், முடி பொசுங்கிய வாசனை வரும், நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும். மிச்சமிருக்கும் கரியை விரலில் தேய்த்தால் பொடிப் பொடியாகும். பாலியஸ்டரோ நைலானோ என்றால் சுருங்கி உருகும், பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கும், ஆறியதும் கடினமான சின்ன மணி மாதிரி உருண்டு நிற்கும்.

பிரஷ்ஷுக்கும் இதே சோதனைதான். காரணம் எளிது. பட்டு ஒரு புரதம், முடியும் ஒரு புரதம். பட்டில் இருப்பது ஃபைப்ராயின், முடியில் இருப்பது கெரட்டின். முடியில் கந்தகம் அதிகம் என்பதால் வாசனை இன்னும் தூக்கலாக இருக்கும். பிரஷ்ஷிலிருந்து ஒரே ஒரு இழையை இழுத்து, இடுக்கியில் பிடித்து, வீட்டுக்கு வெளியே வைத்துக் கொளுத்திப் பார்த்தால் ஐந்து விநாடியில் தெரிந்துவிடும், விலங்கு முடியா, பிளாஸ்டிக்கா என்று.

ஆனால், எந்த விலங்கு என்று நெருப்பு சொல்லாது. மலிவு விலையில் 'நேச்சுரல் பிரிஸ்டில்' என்று மட்டும் அட்டையில் போட்டிருந்தால் அது பெரும்பாலும் பன்றி முடி. சுத்த சைவம் சாப்பிடும் வீட்டுக்கோ, இஸ்லாமியர் வீட்டுக்கோ தெரியாமல் அதை வாங்கிக் கொடுத்தால் எவ்வளவு சங்கடம் என்று சொல்ல வேண்டியதில்லை. பன்றி முடி சொரசொரப்பாக இருக்கும், நுனி இரண்டு மூன்றாகப் பிளந்திருக்கும். குதிரை முடியும் உண்டு. பன்றி முடிக்கோ குதிரை முடிக்கோ கறுப்புப் பட்டை சாயம் ஏற்றி பேட்ஜர் மாதிரி காட்டுவதும் உண்டு. வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தித் துடைத்தால் சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்கலாம். இதுவும் புடவைக்குச் செய்யும் அதே வேலைதான்!

முன்னூறு ரூபாய்க்கு 'பியூர் பேட்ஜர்' என்று ஒருவர் விற்றால், மூவாயிரம் ரூபாய்க்கு அசல் ஜரிகைப் பட்டுப்புடவை என்று ஒருவர் விற்பதற்குச் சமம்.

தண்ணீர்தான் வில்லன்

இங்கேதான் புடவை நியாயமும் பிரஷ் நியாயமும் பிரிகின்றன.

பட்டுக்கு ஈரம் பிடிக்கும். காற்றில் இருக்கும் ஈரத்தை அது இழுத்து வைத்துக்கொள்ளும். பட்டு நூலை எடை போட்டு விற்கும்போது 11 சதவிகிதம் ஈரம் இருக்கலாம் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்வது உலகம் முழுக்க வணிக வழக்கம். விலங்கு முடியான கம்பளிக்கு அது சுமார் 16 சதவிகிதம். நைலானுக்குச் சுமார் 4. பாலியஸ்டருக்கு அரை சதவிகிதம்கூட இல்லை. ஈரத்தை உள்ளே விடும் குணத்தால்தான் பட்டு சாயத்தை அவ்வளவு அழகாக வாங்கிக்கொள்கிறது. அரக்குச் சிவப்பும் மயில் கழுத்து நிறமும் பட்டில் ஜொலிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பேட்ஜர் பிரஷ்ஷைப் புகழ்பவர்கள் சொல்வதும் இதே குணத்தைத்தான். அது வெந்நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், கன்னத்தில் தேய்க்கத் தேய்க்க கொஞ்சம் கொஞ்சமாக விடும், நுரை தயிர் மாதிரி கெட்டியாக வரும். உண்மைதான். லண்டனில் ஜனவரி மாதக் காலையில் அந்த வெதுவெதுப்பு சொர்க்கமாகத்தான் இருக்கும்.

காஞ்சிபுரத்தில் ஐப்பசி மாதக் காலையை நினைத்துப் பாருங்கள். வெளியே அடைமழை. கொடியில் போட்ட துண்டு இரண்டு நாளாகக் காயவில்லை. ஜன்னல் சின்னதாக இருக்கும் பாத்ரூமில், சோப்பு நுரையும் தோல் செதிலும் ஊறிய ஒரு முடிக்கற்றை. காலையில் நனைந்தது மறுநாள் காலை வரை அடிப்பகுதியில் ஈரமாகவே இருக்கும். நான்கே நாளில் ஒரு முடை நாற்றம். பத்து நாளில் கைப்பிடி சேரும் இடத்தில் கறுப்புப் புள்ளி. அதுதான் பூஞ்சை. அதை எடுத்து, பிளேடு இழுத்த முகத்தில் தேய்க்க வேண்டும்!

புடவையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். முகூர்த்தப் புடவையை வருஷத்துக்கு இரண்டு தடவையோ மூன்று தடவையோ கட்டுவார்கள். நிழலில் உலர்த்தி, மல் துணியில் சுற்றி, பீரோவில் வைப்பார்கள். பிரஷ்ஷை தினமும் தண்ணீரில் முக்குகிறோம். தண்ணீரை உறிஞ்சும் குணம் ஒன்றுக்கு வரம், இன்னொன்றுக்குத் தலைவலி. சிந்தெடிக் இழை தண்ணீரைக் குடிக்காது, இழைகளுக்கு இடையில் மட்டும் பிடித்து வைக்கும். உதறினால் போய்விடும். சில மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

இன்னொரு எதிரியும் இருக்கிறது. பட்டுப்புடவையையும் கம்பளியையும் அரிக்கும் பூச்சிகள் விலங்கு முடி பிரஷ்ஷையும் விடாது. புரதம்தானே, அவற்றுக்குச் சாப்பாடு. நைலானை அவை சீண்டுவதில்லை.

நைலானின் முதல் வேலையே பிரஷ்தான்

பட்டுக்கார ஊரில் நைலான் என்றாலே ஓர் இளக்காரம் உண்டு. அதற்கு வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு நைலானைக் கண்டுபிடித்தது 1935-ல். அதை வைத்து முதலில் விற்பனைக்கு வந்த பொருள் எது தெரியுமா? துணி இல்லை. 1938-ல் வந்த டூத் பிரஷ். அதுவரை பல் துலக்கும் பிரஷ்களில் இருந்தது பன்றி முடி. பன்றி முடியை விரட்டிய பிறகுதான் நைலான் பட்டின் பக்கம் திரும்பியது. 1940-ல் அமெரிக்கா முழுக்க நைலான் காலுறைகள் விற்பனைக்கு வந்தன. அதுவரை பெண்கள் அணிந்தவை பட்டுக் காலுறைகள். அந்தப் பட்டு நூல் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து போனது. சில ஆண்டுகளில் அந்தச் சந்தையே காலி.

ஆக, பட்டுக்கு எதிரி என்று பெயர் வாங்கிய நைலான், பிறந்த வேலையைப் பார்த்தால் பிரஷ்ஷுக்கு உறவுக்காரன்.

பழைய நைலான் ஷேவிங் பிரஷ்களுக்குக் கெட்ட பெயர் வந்ததும் சும்மா இல்லை. அடியிலிருந்து நுனி வரை ஒரே தடிமன், தூண்டில் நரம்பு மாதிரி. கன்னத்தில் துடைப்பத்தால் பெருக்கிய உணர்வு. தண்ணீர் நிற்காமல் சொட்டும். இன்றும் மலிவு பிரஷ்களில் அந்த இழைதான் இருக்கிறது. ஆனால், கடந்த பத்துப் பதினைந்து வருஷத்தில் வந்திருக்கும் சிந்தெடிக் இழைகள் வேறு ரகம். நுனியை மெலிய வைக்கிறார்கள், இழையைத் தலைமுடியைவிட மெல்லியதாக இழுக்கிறார்கள், லேசாக நெளிவு கொடுத்து நுரையைப் பிடித்துக்கொள்ளச் செய்கிறார்கள். வெள்ளை நுனி, கறுப்புப் பட்டை என்று பேட்ஜர் மாதிரியே நிறமும் போட்டுவிடுகிறார்கள். கண்ணைக் கட்டிவிட்டு இரண்டையும் கன்னத்தில் தேய்த்தால் பழகியவர்களே தடுமாறுவார்கள்.

பட்டு என்று சொல்லி ஆர்ட் சில்க்கை விற்பது மோசடி. சிந்தெடிக் என்று சொல்லியே சிந்தெடிக் பிரஷ்ஷை விற்பதில் போலி எதுவும் இல்லை.

முடியில் வந்த அடைப்பான்

விலங்கு முடி பிரஷ் ஆளைக் கொன்ற காலமும் இருந்தது. முதல் உலகப்போரின்போது, ஐரோப்பிய வர்த்தகப் பாதைகள் அடைபட்டன. சுத்தப்படுத்தப்பட்ட நல்ல முடி வரத்து நின்றது. ஆனால், போர்முனைக்குப் போன லட்சக்கணக்கான வீரர்களுக்கு ஷேவிங் பிரஷ் தேவைப்பட்டது. பேட்ஜர் கிடைக்காததால் ஆசியாவிலிருந்து வந்த குதிரை முடியை பேட்ஜர் மாதிரி தயார் செய்து பிரஷ் போட்டார்கள். அவசரத்தில் கிருமி நீக்கம் சரியாக நடக்கவில்லை.

விளைவு, ஆந்த்ராக்ஸ். நம்மூரில் மாடுகளுக்கு வரும் அடைப்பான் நோய். அதன் கிருமி, வித்து வடிவத்தில் முடியிலும் தோலிலும் பல வருஷம் உயிரோடு ஒளிந்திருக்கும். புதிய பிரஷ், பிளேடு கீறிய கன்னம், கறுப்புக் கொப்புளம். 1915-லிருந்து சுமார் பத்து ஆண்டுகளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலுமாக 200-க்கும் மேற்பட்டோருக்கு இப்படி நோய் வந்தது பதிவாகியிருக்கிறது. சிலர் இறந்தும் போனார்கள். 1920-ல் ஜப்பானிலிருந்து ஷேவிங் பிரஷ் இறக்குமதி செய்வதையே பிரிட்டன் தடை செய்தது.

இன்றைக்கு முறையாகத் தயாரிக்கும் நிறுவனங்கள் முடியைச் சுத்தம் செய்துதான் பிரஷ்ஷில் கட்டுகின்றன. பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் எங்கிருந்து வந்தது, யார் தயாரித்தது என்று ஒரு வரிகூட இல்லாத மலிவு 'ஒரிஜினல் ஹேர்' பிரஷ்ஷைப் பார்த்தால் அந்தக் கதை ஞாபகம் வரட்டும். பழைய சாமான் கடையில் அழகான தந்தக் கைப்பிடியோடு கிடைக்கும் நூறு வருஷத்துப் பிரஷ்ஷுக்கும் இது பொருந்தும். கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்க்கலாம், கன்னத்துக்கு வேண்டாம்.

புழுவும் கீரியும்

உயிர்களைப் பற்றிய கேள்வி காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. பட்டுக்கூட்டை வெந்நீரில் போட்டு, உள்ளே இருக்கும் புழுவைக் கொன்றுதான் நூல் எடுக்கிறார்கள். அதனாலேயே பட்டு உடுத்த வேண்டாம் என்று சொன்னவர், அதே ஊரில் மடம் இருக்கும் காஞ்சி பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள். குடியரசுத் தலைவராக இருந்த ஆர்.வெங்கட்ராமனின் மனைவி ஜானகி, புழுவைக் கொல்லாத பட்டுப்புடவை கிடைக்குமா என்று ஆந்திராவில் கேட்டதும், கைத்தறித் துறையில் இருந்த குசுமா ராஜய்யா அதற்கான வழியைத் தேடி 'அகிம்சைப் பட்டு' நெய்ததும் தெரிந்த கதை. அந்த வாதம் இன்னும் முடியவில்லை. பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தமும் நிற்கவில்லை. ஆயிரக்கணக்கான நெசவாளர் குடும்பங்களின் சோறு அதில் இருக்கிறது என்பதால் அது அவ்வளவு சுலபமான கேள்வியும் இல்லை.

பிரஷ் விஷயம் அதைவிடச் சுலபம். பேட்ஜரை யாரும் ஆடு மாதிரி முடி கத்தரித்துவிட்டு அனுப்புவதில்லை. கொன்றுதான் எடுக்கிறார்கள். சீனாவில் அவை கண்ணி வைத்துப் பிடிக்கப்படுவதையும், சின்னக் கூண்டுகளில் வளர்க்கப்பட்டு அடித்துக் கொல்லப்படுவதையும் பீட்டா ஆசியா அமைப்பு 2018-ல் வீடியோவாக வெளியிட்டது. அதன் பிறகு பல நிறுவனங்கள் பேட்ஜர் முடியைக் கைவிட்டன.

நம் நாட்டில் இதற்கு நிகரான கதை கீரிக்கு நடந்தது. ஷேவிங் பிரஷ்ஷுக்கு இல்லை, ஓவியத் தூரிகைக்கு. கீரி முடித் தூரிகையில் கோடு துல்லியமாக விழும் என்று ஓவியர்கள் தேடித் தேடி வாங்கினார்கள். ஒரு கிலோ முடிக்குச் சுமார் 50 கீரிகள் சாக வேண்டும். 2019-ல் வனஉயிர் குற்றக் கட்டுப்பாட்டுப் பிரிவு 'ஆபரேஷன் கிளீன் ஆர்ட்' என்ற பெயரில் பல மாநிலங்களில் ஒரே நேரத்தில் சோதனை போட்டு ஆயிரக்கணக்கான தூரிகைகளைக் கைப்பற்றியது. வீட்டில் ஓவியம் கற்கும் பிள்ளைகள் இருந்தால் இதையும் ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம். அதற்கும் சிந்தெடிக் தூரிகை வந்துவிட்டது.

சிந்தெடிக் என்பது பிளாஸ்டிக், மக்காது என்ற குறை இருக்கத்தான் செய்கிறது. ஆனால், பத்து வருஷம் உழைக்கும் ஒரு பிரஷ்ஷில் இருக்கும் பிளாஸ்டிக், மாதம் இரண்டு யூஸ் அண்ட் த்ரோ ரேசர் தூக்கிப் போடுபவர் குப்பையில் சேர்ப்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

பிளேடை மாற்றச் சொல்கிறோம்... பிரஷ்ஷை?

வீட்டுப் பிரஷ் ஒருவருக்கு. சலூன் பிரஷ் ஊருக்கு. இந்த விஷயத்தில் இன்னும் கொஞ்சம் கவனம் தேவை.

எய்ட்ஸ் விழிப்புணர்வு வந்த பிறகு, நாற்காலியில் உட்கார்ந்ததும் "புது பிளேடு போடுங்கண்ணே" என்று சொல்லும் பழக்கம் தமிழ்நாடு முழுக்க வந்துவிட்டது. நல்ல பழக்கம். ஆனால், அடுத்த நொடியே முன்னால் உட்கார்ந்தவர் கன்னத்தில் சுற்றிய அதே பிரஷ், அதே கிண்ணத்துத் தண்ணீரில் அலசப்பட்டு நம் கன்னத்துக்கு வருகிறது. முதல் சவரம் முடிந்து இரண்டாவது தடவை நுரை போடும்போதுதான் சிக்கல். அதற்குள் எங்கேயோ ஒரு சின்னக் கீறல் விழுந்திருக்கும். படர்தாமரை, சவரக் கொப்புளம் போன்றவை இப்படிப் பரவலாம். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கக்கூடியது. ரத்தம் பட்ட பிளேடுதான் பெரிய ஆபத்து. ஆனால், பிரஷ்ஷுக்கு விலக்கு கொடுக்க முடியாது.

கடைக்காரர் மேல் பழி போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே வேலை பார்ப்பவர் அவர். நாற்பது பேருக்கு நாற்பது பிரஷ் வைக்கச் சொல்ல முடியாது. ஆனால், சிந்தெடிக் பிரஷ் என்றால் ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டு அலசி, கிருமிநாசினியில் முக்கி, மூன்று நான்கை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். விலங்கு முடி பிரஷ் இந்த வேலைக்கே ஆகாது. திரும்பத் திரும்பக் கிருமிநாசினி பட்டால் முடி மொறமொறத்து உதிரும். இதுவும் முடியாத கடை என்றால் "பிரஷ் வேண்டாம்ணே, கிரீமைக் கையாலேயே தடவிடுங்க" என்று கேட்டுக்கொள்ளலாம். கேட்பதில் கூச்சமே வேண்டாம். சொந்தப் பிரஷ்ஷைப் பையில் போட்டுக்கொண்டு போவது இன்னும் நல்லது.

சரி, எதை வாங்குவது?

தினமும் சவரம் செய்பவர், சின்ன பாத்ரூம், மழைக்காலம், அவசரமான காலை. இவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சிந்தெடிக். புது மாப்பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் இந்த ரகம்தான். கௌரவம் குறையும் என்று தோன்றினால், மிச்சமாகும் பணத்தில் நல்ல மரக் கைப்பிடியோ உலோகக் கைப்பிடியோ போட்ட பிரஷ்ஷாகவும், கூடவே தரமான ரேசராகவும் எடுத்துக்கொடுக்கலாம். தட்டில் வைத்தால் கண்ணைப் பறிக்கும்.

ஏற்கெனவே ரசித்து ரசித்து, கட்டி சோப்பில் நுரை எழுப்பி சவரம் செய்யும் பழக்கம் உள்ளவர், பிரஷ்ஷைப் பேணத் தெரிந்தவர் என்றால் அவருக்கு பேட்ஜரின் அருமை தெரியும். அவரே வாங்கிக்கொள்வார். தாத்தா விட்டுப்போன நல்ல நிலையில் உள்ள பிரஷ் வீட்டில் இருந்தால் அதைத் தூக்கிப்போடவும் அவசியமில்லை. செத்த விலங்கு திரும்பி வரப்போவதில்லை, இருப்பதை உழைக்கும்வரை பயன்படுத்துவதுதான் மரியாதை.

கடையில் வாங்கினால் மூன்று காரியம் செய்யுங்கள். நுனியைப் புறங்கையில் அழுத்திச் சுற்றிப் பாருங்கள், குத்தினால் வேண்டாம். வளைத்து விட்டால் உடனே நிமிர வேண்டும். இரண்டு விரலால் மெல்ல இழுத்தால் கையோடு இழைகள் வரக் கூடாது. புதுசில் ஒன்றிரண்டு உதிர்வது சகஜம், கொத்தாக வந்தால் அடியில் பசை சரியில்லை. கட்டின் குறுக்களவு 22-லிருந்து 24 மில்லிமீட்டர் வரை இருந்தால் பெரும்பாலான முகங்களுக்குச் சரியாக இருக்கும். அதைவிடப் பெரியது மூக்குக்குள் நுரையை அனுப்பும்.

பேணுவதில் பட்டுக்குச் சொல்லும் அதே விதிகள் பேட்ஜருக்கும் பொருந்தும். கொதிக்கும் தண்ணீர் கூடாது, சலவை சோடா கூடவே கூடாது. காரம் பட்டால் புரதம் நைந்துபோகும். இளஞ்சூடான தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறவிட்டுப் பயன்படுத்த வேண்டும். சிந்தெடிக்கை ஊறவைக்க வேண்டியதில்லை, நனைத்தால் போதும். கிரீமும் அதற்குக் குறைவாகத்தான் செலவாகும். எதுவானாலும் முடிந்ததும் நன்றாக அலசி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, உதறி, காற்று வரும் இடத்தில் வைக்க வேண்டும். பாத்ரூம் அலமாரிக்குள் மூடி வைப்பதுதான் பிரஷ்ஷுக்குச் செய்யும் பெரிய துரோகம்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் சோப்பும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து இழைகளில் வெள்ளையாகப் படியும். பிரஷ் விறைத்துப்போகும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வினிகர் கலந்து, மாதம் ஒரு தடவை ஐந்து பத்து நிமிடம் முக்கி வைத்து அலசினால் பழையபடி மென்மையாகும்.

செவ்வாய், வெள்ளியில் சவரம் செய்யக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் சண்டை போடாதீர்கள். பேட்ஜர் வைத்திருப்பவருக்கு அந்த இரண்டு நாள் ஓய்வு பெரிய உதவி, பிரஷ் முழுசாகக் காயும். மாறாக, கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டு 41 நாள், 48 நாள் தாடி வளர்ப்பவர்கள் உஷார். சரியாக அதுதான் வடகிழக்குப் பருவமழை நேரம். கடைசியாகச் சவரம் செய்த ஈரத்தோடு பிரஷ்ஷை பாத்ரூமில் விட்டுவிட்டு மலைக்குப் போய்த் திரும்பினால், பிரஷ்ஷுக்கும் தாடி முளைத்திருக்கும்! மாலை போடுவதற்கு முன்னால் சோப்பு போட்டு அலசி, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் உலர்த்தி, காகிதத்தில் தளர்வாகச் சுற்றி பீரோவில் வையுங்கள். பட்டுப்புடவைகளுக்குப் போடும் வேப்பிலையில் நாலை அதன் பக்கத்திலும் போட்டுவிடலாம்.